புது லேப்டாப்புக்கு வீட்டில் வைஃபை: ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்காகப் புது விண்டோஸ் லேப்டாப் வாங்கியிருக்கிறீர்கள். வீடு கீழும் மாடியுமாக இரண்டு தளம். ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பிளான். மோடம், அதாவது கம்பெனி கொடுத்த, வைஃபையும் சேர்த்துத் தரும் பெட்டி, கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறது. மாடி அறையில் லேப்டாப்பில் வேகம் பார்த்தால் 10, 15க்கு மேல் ஏறவில்லை. ஆன்லைன் வகுப்பு நடுநடுவே நின்றுவிடுகிறது. கடையில் நான்கு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றைக் காட்டி, "இதைப் போட்டா வீடு முழுக்க எடுக்கும்" என்கிறார்கள். வாங்கலாமா, எப்படி அமைப்பது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த ரவுட்டரும் அதே டிவிக்குப் பின்னால்தான் போய் உட்காரப்போகிறது; தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளமும் அப்படியேதான் இருக்கும். இந்த மாதிரி வீடுகளில் கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. பெட்டி இருக்கும் இடத்தில் இருக்கும், இல்லையென்றால் மாடிக்கு ஒரு ஒயர் போகாததில் இருக்கும். நான் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் லேப்டாப்பே காட்டிவிடும்.

முதலில் லேப்டாப்பைக் கீழே கொண்டுவாருங்கள். புது லேப்டாப்பை முதல்முறை ஆன் செய்யும்போதும் மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்வதுதான் நல்லது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு தொடக்க அமைப்பிலேயே இணைய இணைப்பு கேட்கும்; அது முடிந்ததும் அப்டேட் என்று சில ஜிபி இறங்கும். மாடியில் சிக்னல் இல்லாத அறையில் அதைத் தொடங்கினால் பாதியில் நின்று உயிரை வாங்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் செய்தால் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்கிற தினசரி டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்டேட் எல்லாம் முடிந்து ஒருமுறை ரீஸ்டார்ட் ஆன பிறகு வேகத்தைப் பாருங்கள். லேப்டாப்பில் லேன் போர்ட் இருந்தால் மோடத்திலிருந்து லேன் கேபிளை நேராகச் செருகிப் பார்ப்பது இன்னும் நல்லது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அந்தப் போர்ட் இல்லை. அப்படியானால் மோடத்துக்கு எதிரில், சுவர் குறுக்கிடாமல், ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து வைஃபையிலேயே பாருங்கள். அங்கே 90க்கு மேல் வந்தால் கம்பெனிக்காரர் தர வேண்டியதைத் தருகிறார், குறை வீட்டுக்குள்ளே இருக்கிறது. அங்கேயே 30தான் வருகிறது என்றால் ரவுட்டர், மெஷ் (ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க வைஃபை பரப்பும் பெட்டிகள்) எதை வாங்கினாலும் மாறாது. அது லைன் புகார். இங்கே ஒரு கணக்கு பலரைக் குழப்பும். பிளானில் எழுதியிருப்பது மெகாபிட். டவுன்லோடு ஓடும்போது லேப்டாப் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் ஒரு பைட் என்பதால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஃபைல் நொடிக்கு 11, 12 எம்பி வேகத்தில் இறங்கினால் முழு வேகம் வருகிறது என்று அர்த்தம்.

கீழே சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மாடிக்குப் போங்கள். செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் நீங்கள் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸ் என்று உள்ளே போனால் கீழே ஒரு பட்டியல் வரும். லிங்க் ஸ்பீடு, புரோட்டோகால், நெட்வொர்க் பேண்ட், நெட்வொர்க் சேனல் என்று நான்கு வரிகள் அதில் இருக்கும். எத்தனை கோடு சிக்னல் என்று பார்ப்பதைவிட இந்த நான்கு வரிகளைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

லிங்க் ஸ்பீடு என்பது லேப்டாப்பும் மோடமும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒத்துக்கொண்ட வேகம். நல்ல வைஃபை 6 கார்டு (5, 6, 7 என்பவை வைஃபையின் தலைமுறை எண்கள்) உள்ள லேப்டாப், அதே தரத்து மோடத்துக்குப் பக்கத்தில் 1201 எம்பிபிஎஸ் என்று காட்டும். மோடம் வைஃபை 5 என்றால் 866. லேப்டாப் மலிவு ரகமாக இருந்து அதன் கார்டு ஒற்றை ஆன்டெனாவோடு வந்திருந்தால் 433தான் உச்சம். அதுவும் 100 எம்பிபிஎஸ் பிளானுக்குத் தாராளமாகப் போதும். மோடம் பேசும் பேண்ட், அதாவது அலைவரிசை, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு. 144, 72 என்று பார்த்தால் லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பேண்ட் வரியும் அதையே சொல்லும். உண்மையில் கிடைக்கும் வேகம் இந்த எண்ணில் பாதியை ஒட்டியிருக்கும், அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல் இருந்தால் இன்னும் குறையும். மாடி அறையில் 15 வருகிறது என்று நீங்கள் சொல்வதால், அங்கே பேண்ட் 2.4, லிங்க் ஸ்பீடு 72 அல்லது அதற்கும் கீழே என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

காரணம் நம் வீடு கட்டும் முறை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, நடுவில் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். ரவுட்டர் டப்பாவில் "2000 சதுர அடி" என்று அச்சாகி வருவது நம்மூர்ச் சுவருக்குச் செல்லாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் அடங்கிவிடும். 2.4 மெதுவானது, ஆனால் சுவர் தாண்டி வரும். மாடிக்கு வரும்போது 5 தேய்ந்துபோய், லேப்டாப் தானாக 2.4க்கு இறங்கிவிடுகிறது. அந்த 2.4ல்தான் தெருவில் உள்ள அத்தனை வீட்டு மோடமும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும் ஒன்றாகக் கிடந்து மோதுகின்றன.

சுவரைவிட மோசமானவை இரண்டு உண்டு: இரும்பும் தண்ணீரும். ஸ்டீல் பீரோ, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, ஃபிரிட்ஜ், டிவியின் பின்பக்கத் தகடு, மாடியில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சிக்னலை மறிக்கும். உங்கள் மோடம் டிவிக்குப் பின்னால் என்றால், ஹாலுக்குள்ளேயே பாதி பக்கம் அடைபட்டுத்தான் கிளம்புகிறது.

இணைப்பு கொடுக்க வரும் பையன் ஒயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறதோ அதற்குப் பக்கத்து பிளக் பாயிண்டில் மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் வேலை அதோடு முடிந்தது. அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஃபைபரை நீட்டி வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். உங்கள் பகுதி லைன்மேனிடமோ கேபிள்காரரிடமோ கேட்டால் செய்து தருவார்கள். நீங்களே செய்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மோடத்தில் செருகியிருக்கும் மெல்லிய மஞ்சள் ஒயரின் முனையில் பச்சை நிறக் கனெக்டர் இருக்கும். அதன் வெள்ளை நுனியை விரலால் தொடக்கூடாது. ஒரு தூசு ஒட்டினாலும் ஒளி மங்கும். பச்சைக் கனெக்டரின் நுனி சாய்வாகத் தீட்டியது. நீலக் கனெக்டரோடு சேர்த்தால் ஒழுங்காகப் பொருந்தாது. ஒயரை மடக்கி மூலையில் அழுத்தி ஆணி அடிக்கவும் கூடாது. உள்ளே கண்ணாடி இழை. நகர்த்தி முடித்த பிறகு மோடத்தில் பான் (PON) என்று எழுதிய விளக்கு அணையாமல் பச்சையாக நிற்க வேண்டும். லாஸ் (LOS) என்கிற விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை.

எங்கே நகர்த்துவது? உங்கள் வீட்டின் படிக்கட்டைப் பொறுத்தது. படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தால் அதிர்ஷ்டம். கான்கிரீட் தளத்தில் இருக்கும் ஒரே பெரிய திறப்பு அதுதான். மோடத்தைப் படிக்கட்டுக்கு எதிரே, ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினால் 5 கிகாஹெர்ட்ஸும் மேலே ஏறிப் போகும். மாடியை வாடகைக்கு விடலாம் என்று வெளியே படிக்கட்டு வைத்துக் கட்டிய வீடு என்றால் இந்த வழி இல்லை. அதற்கு ஒயர்தான், கீழே சொல்கிறேன்.

ஆன்டெனா நிற்கும் திசையும் சும்மா இல்லை. குச்சி மாதிரி நிற்கும் ஆன்டெனாவிலிருந்து சிக்னல் உளுந்து வடை வடிவத்தில் பரவுகிறது: குச்சி நடுத்துளையில், சிக்னல் சுற்றிலும். குச்சி இருக்கும் நேர்க்கோட்டில், அதாவது தலைக்கு நேர் மேலேயும் காலுக்கு நேர் கீழேயும், சிக்னல் குறைவு. அதனால் மோடத்துக்கு நேர் மேலே இருக்கும் அறைக்குச் சிக்னல் வேண்டுமென்றால் ஒரு ஆன்டெனாவையாவது படுக்கையாகச் சாய்த்து வையுங்கள். செலவில்லாத வேலை, செய்து பார்த்துவிட்டு லிங்க் ஸ்பீடு எண்ணை மறுபடி பாருங்கள்.

நான்கு ஆன்டெனா விஷயத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர் எவ்வளவு சக்தியில் அலை அனுப்பலாம் என்பதற்கு அரசு வைத்த உச்சவரம்பு உண்டு. ஆன்டெனா எண்ணிக்கை கூடினால் அது கூடிவிடாது. அதோடு வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் சொல்வது லேப்டாப்புக்குக் கேட்டால் மட்டும் போதாது, லேப்டாப்பின் பதிலும் ரவுட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையின் ஓரச் சட்டத்துக்குள் இருக்கும் மெல்லிய தகடுதான்; அதன் பலம் நீங்கள் ரவுட்டருக்குக் கொடுக்கும் பணத்தால் கூடாது.

இடம் மாற்றியாயிற்று என்றால் அடுத்தது மோடத்தின் செட்டிங்ஸ். லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்களில் லாகின் பக்கம் வரும். வரவில்லை என்றால் மோடத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான முகவரி இருக்கும். அதே ஸ்டிக்கரில் இரண்டு பாஸ்வேர்டுகள் இருக்கும். ஒன்று வைஃபையில் சேர, இன்னொன்று இந்தப் பக்கத்துக்குள் நுழைய. இரண்டாவதை யாரும் மாற்றுவதில்லை. கட்டாயம் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு தாளில் எழுதி மோடத்துக்கு அடியிலேயே ஒட்டி வைத்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குள் வருகிறவரைவிட, இணையம் வழியாக ஊரில் உள்ள மோடத்தையெல்லாம் அட்மின், அட்மின் என்று தட்டிப் பார்க்கும் நிரல்தான் ஆபத்து.

உள்ளே போனதும் 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து எது நல்லதோ அதில் சேர்த்துவிடும் வசதி புது மோடங்களில் இருக்கிறது. நன்றாக வேலை செய்தால் நல்லதுதான். ஆனால் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் மோடங்களில் அது பல நேரம் லேப்டாப்பை 2.4லேயே உட்கார வைத்துவிடும். பெயர் பிரித்துவிட்டால் லேப்டாப்பை 5ல் மட்டும் சேர்த்து, 2.4ஐ மறக்கச் சொல்லிவிடலாம். ஸ்மார்ட் பல்பு, பழைய பிரிண்டர், வாசல் கேமரா மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் 2.4 மட்டுமே தெரியும். அவை அந்தப் பெயரில் இருக்கட்டும்.

சேனல் என்பது பேண்டுக்குள் இருக்கும் தனி ஓடுபாதை. 2.4ல் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் எண் 1, 6, 11 இவற்றில் ஒன்று. இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்பவை. நடுவே இருக்கும் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரரோடும் மோதும். 40 என்று அகலத்தைக் கூட்டினால் வேகம் இரட்டிக்கும் என்று சொல்வார்கள். வீடுகள் நெருங்கிய தெருவில் அது நடக்காது. 5ல் அகலம் 80 வையுங்கள். இங்கே இடம் நிறைய: 2018ல் மத்திய அரசு இந்தப் பேண்டில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 36 முதல் 48 வரை ஒரு கூட்டம், 149 முதல் 161 வரை இன்னொன்று. முதலில் ஒன்றில் வைத்து மாடியில் லிங்க் ஸ்பீடு பாருங்கள், அப்புறம் மற்றதில். இடையில் இருக்கும் 52, 100 போன்றவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் சிக்னல் தென்பட்டால் மோடம் அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும், அந்த நேரம் வைஃபை போய்வரும். வகுப்பு நடக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

லேப்டாப்பில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகும்போது மட்டும் 2.4 வைஃபை தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். யுஎஸ்பி 3 ஒயரும் போர்ட்டும் அந்தப் பேண்டிலேயே இரைச்சலைக் கிளப்பும். 5க்கு மாறினால் தீர்ந்தது.

பாதுகாப்பு என்ற பக்கத்தில் வைஃபையைப் பூட்டும் முறைகள் இருக்கும். டபிள்யூபிஏ2, அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த கலப்பு இருந்தால் 5க்கு அதை வையுங்கள், 2.4க்கு டபிள்யூபிஏ2 இருக்கட்டும், பழைய சாதனங்கள் சேர வேண்டுமே. டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண்ணைத் தட்டி வைஃபையில் சேரும் வசதி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. அதோடு ரவுட்டர் முதல் நான்கையும் அடுத்த மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்த்துப் பதில் சொல்லும். ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிக்குள் கதவு திறந்துவிடும். 2011ல் இது வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த பெட்டிகளில் சில தடுப்புகள் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், தேவையில்லாத கதவைத் திறந்து வைப்பானேன்?

பாஸ்வேர்டு விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது: வீட்டுக்காரரின் மொபைல் எண். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் மொபைல் எண் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். அதிகபட்சம் 400 கோடி எண்கள். உங்கள் வைஃபையில் ஒரு சாதனம் சேரும்போது காற்றில் போகும் முதல் சில பாக்கெட்டுகளை ஒருவர் வாசலில் நின்று பிடித்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு உங்கள் மோடத்தின் பக்கமே வராமல் தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். நல்ல கேமிங் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் எண்களைப் பார்க்கும். ஐந்து லட்சம் என்று குறைத்தே வைத்தாலும் 400 கோடியும் 8,000 நொடியில், இரண்டே கால் மணி நேரத்துக்குள், முடிந்துவிடும். அதற்குப் பதில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். நீளம்தான் பலம், வகை வகையான குறிகளைப் போட்டு நீங்களே மறந்துபோவதில் பயனில்லை. 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு வீடியோ பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் சொல்வதுண்டு. பெருந்தன்மை நல்லதுதான், ஆனால் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீஸ் அதன் ஐபி முகவரியைத் தேடிப் போனபோது, அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபையில் போய் முடிந்தது. பூட்டாத வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவர் விசாரணையில் சிக்கிக்கொண்டார். விருந்தாளிகளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் மோடத்தில் கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறதா பாருங்கள். அதற்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்து, விழா வீட்டுக் கூட்டம் கலைந்ததும் மாற்றிவிடலாம். உங்கள் லேப்டாப்பும் பிரிண்டரும் அவர்கள் கண்ணில் படாது.

லேப்டாப்பில் இந்த நெட்வொர்க்கைப் பப்ளிக்கா பிரைவேட்டா என்று கேட்டால், லேப்டாப்பில் உள்ள ஃபைல்களை வீட்டு மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிர வேண்டியிருந்தால் மட்டும் பிரைவேட் வையுங்கள். ஹாஸ்டல், கல்லூரி, ரயில் நிலைய வைஃபைக்கு எப்போதும் பப்ளிக். மகள் ஹாஸ்டலில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பாள் என்றால், அந்த ஹாட்ஸ்பாட்டின் பிராப்பர்ட்டீஸில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்து கொடுங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட்களை அதில் இறக்காமல் காத்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு பாதிப் பேருக்கு மாடியில் 40, 50 வந்துவிடும். வீடியோ வகுப்புக்கு அது ஏராளம், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வரவில்லை என்றால், அல்லது படிக்கட்டு வெளியே என்றால், கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். காசு செலவழிப்பது என்றால் இதைத்தான் நான் யாருக்கும் முதலில் சிபாரிசு செய்வேன். ஒருமுறை போட்டால் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். மழை, பக்கத்து வீட்டு வைஃபை எதுவும் அதைத் தொடாது.

கேபிள் வாங்கும்போது கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது. கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு துண்டை வெட்டி, உள் கம்பியின் மேல்பரப்பைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் சரி. வெள்ளி மாதிரி வெளுத்தால் வேண்டாம். அந்தக் கம்பி நாலு தடவை வளைத்தால் ஒடியும், கிரிம்ப் செய்த, அதாவது பிளாஸ்டிக் கனெக்டரை அழுத்திப் பொருத்திய, முனையில் நாளடைவில் தொடர்பும் விட்டுப்போகும். கரண்ட் ஒயர் போகும் அதே பைப்புக்குள் லேன் கேபிளை நுழைக்க எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிவி கேபிள் போகும் பைப் இருந்தால் அதில் விடலாம். வெளிச்சுவர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை உள்ள கேபிளாக வாங்குங்கள். இடி மின்னல் நேரத்தில் அதைக் கழற்றி வைக்கவும் வேண்டும். முடிந்தவரை உள்வழியே நல்லது.

கிரிம்ப் செய்து முடித்ததும் வேலைக்கு வந்தவர் கிளம்பும் முன் லேப்டாப்பில் செருகி ஈதர்நெட் லிங்க் ஸ்பீடு பாருங்கள். 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால், இரண்டு பக்கப் போர்ட்டும் கிகாபிட்டாக (1000 எம்பிபிஎஸ்) இருக்கும் பட்சத்தில், எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. நான்கு கம்பி பிடித்தாலே 100 ஓடிவிடும் என்பதால் இணையம் வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்றைக்கு 100 எம்பிபிஎஸ் பிளானில் அது தெரியாது; நாளைக்கு 300க்கு மாறும்போது 94லேயே நின்றுகொண்டு கம்பெனியைத் திட்டுவீர்கள்.

மாடிக்கு வந்த கேபிளின் முனையில் ஒரு ரவுட்டர் வேண்டும். வீட்டில் பழைய ரவுட்டர் கிடந்தால் எடுங்கள். அதில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு (ஒயரில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் வேலை மட்டும்) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லையென்றால் மூன்று மாற்றம்: அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், அதிலுள்ள டிஹெச்சிபியை அணையுங்கள், கீழிருந்து வரும் கேபிளை வான் (WAN) என்று எழுதிய போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். மோடத்தின் முகவரி 192.168.1.1 அல்லாமல் வேறாக இருந்தால் அதே வரிசையில் கடைசி எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டிஹெச்சிபி என்பது வீட்டுச் சாதனங்களுக்கு ஐபி முகவரி பங்கிடும் வேலை. ஒரே வீட்டில் இரண்டு பேர் பங்கிட்டால் குழப்பம் வரும், அதனால்தான் ஒன்றை அணைக்கிறோம். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தால் தானாக மாறிக்கொள்ளும்.

பழையது இல்லை என்றால் இப்போது வாங்கலாம். வைஃபை 6, இரண்டு பேண்ட், எல்லாப் போர்ட்டும் கிகாபிட். இதற்கு மேல் உங்களுக்கு எதுவும் தேவையில்லை. டப்பாவில் ஏஎக்ஸ்1500 என்று போட்டிருப்பது 5ல் 1201, 2.4ல் 300 இரண்டையும் கூட்டி எழுதிய எண். ஒரு லேப்டாப்புக்கு 1500 கிடைக்காது. ஏசி1200 என்று மலிவாக விற்பவற்றில் பலவற்றின் போர்ட் 100தான், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2024 ஜனவரியில் சான்றளிப்பு தொடங்கிய வைஃபை 7 ரவுட்டரையும் கடையில் காட்டுவார்கள். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு அந்தக் காசு வீண்.

சுவரில் ஒயர் போட வழியே இல்லாத வாடகை வீடு என்றால் மெஷ். இரண்டு பெட்டியாக வரும். இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத அறையில் வைக்கிறார்கள். அங்கே அதற்கே சிக்னல் கிடைக்காது, அது யாருக்குக் கொடுக்கும்? பாதி வழியில், முதல் பெட்டியின் 5 இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். பிளக்கில் செருகும் ரிப்பீட்டருக்கும் (வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சின்னப் பெட்டி) இதே விதி. மலிவு ரிப்பீட்டர் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே அலையைப் பயன்படுத்துவதால் வேகம் பாதியாகும். மெயில் பார்க்க, வாட்ஸ்அப் பேச அது போதும்; மூன்று மணி நேர வகுப்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

கரண்ட் போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் லேப்டாப்பில் பேட்டரி இருந்தும் வைஃபை போய்விட்டால் வகுப்பு போனதுதான். ஃபைபர் லைனில் கம்பெனியின் நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் ஒளியைப் பிரிக்கும் பகுதிக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் உங்கள் மோடம் உயிரோடு இருந்தால் இணையம் வரும். இன்வெர்ட்டர் லைனில் மோடத்தின் பிளக் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரைத் திருப்பி, அவுட்புட் என்ற வரியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும்; ஆம்ப் 1, 1.5, 2 என்று மாறும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்ப் அதேயோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. மாடியில் ஆக்சஸ் பாயிண்ட் வைத்தால் அதற்கும் ஒன்று வேண்டும்.

எல்லாம் செய்தும் மோடத்துக்குப் பக்கத்திலேயே வேகம் குறைவாக வந்தால் கஸ்டமர் கேருக்குப் போன் செய்யுங்கள். "வைஃபை ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொன்னால், மோடத்தை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். லேன் கேபிளில் நேராகச் செருகிக் காலையில் எவ்வளவு, இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு என்ன என்று கேளுங்கள். அந்த எண் அவர்கள் திரையில் தெரியும், மோடத்தின் செட்டிங்ஸிலும் பல மாடல்களில் தெரியும். மைனஸ் 27க்கும் கீழே போயிருந்தால் எங்கோ மடங்கியோ அழுக்குப் படிந்தோ இருக்கிறது. லைன்மேனை அனுப்பச் சொல்லுங்கள், வந்தவுடன் முதலில் அந்தப் பச்சைக் கனெக்டரைத் துடைக்கச் சொல்லுங்கள்.